வாரத்தாளில நான் மாத்தின வரி

போன மாசம் பள்ளிக்கூடத்தில எனக்குப் பிரியாவிடைத் தேத்தண்ணி தந்தவை. ஒரு சுவர் மணிக்கூடும் பூங்கொத்தும் கையில தந்து, ரண்டு வார்த்தை கதையுங்கோ எண்டு நடுவில நிப்பாட்டினவை. ஒருக்கா தமிழ்ப் பிள்ளையளின்ர வீடுகளுக்குப் போற தாளைத் தலைகீழா அச்சடிச்சு ஒன்பது வீட்டுக்கும் அனுப்பினதையும், ஒரு வெள்ளைக்காரருக்கும் அது தெரியாமல் போனதையும் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைச்சன். அப்ப என்ர இடத்துக்குப் புதுசா வந்திருக்கிற ஷர்மிலா, இஞ்ச பிறந்த பிள்ளை, பாதித் தமிழும் பாதி இங்கிலிஷுமாக் கேட்டாள்: "அன்ரி, இவ்வளவு வருசத்தில ஒரு பெரிய மிஸ்டேக் எண்டு ஒண்டும் இல்லையா?"

"இல்லை" எண்டு சொன்னன். எல்லாரும் கை தட்டிச்சினம்.

பஸ்ஸில வீட்டை வரேக்க அந்த "இல்லை"யைத்தான் நினைச்சுக்கொண்டு வந்தன். அந்தப் பள்ளிக்கூடத்தில நான் தெரிஞ்சு சொன்ன ரண்டாவது பொய் அது. முதலாவதைச் சொல்லிப் பத்துப் பதினொரு வருசமாகுது. அதைத்தான் இதில எழுதப்போறன். ஷர்மிலாவுக்கு எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்க ஏலும். ஆறுதலா வாசிக்கட்டும்.

நான் யாழ்ப்பாணத்தில பதினாலு வருசம் கணக்கு ரீச்சர். லண்டனுக்கு வந்த புதுசில ஹவுன்ஸ்லோவில விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற வேலை. பிறகு பிளேஸ்டோவுக்கு வீடு மாறின நேரம், வகுப்பில உதவி செய்யத் தமிழ் தெரிஞ்ச ஆள் தேவை எண்டு கவுன்சில் விளம்பரம் போட்டுது. போனன், எடுத்தவை. ஒரு மண்டபத்தில ரண்டு கிழமை பயிற்சி. பிள்ளையின்ர உயரத்துக்குக் குனிஞ்சு கதைக்க வேணும், கேள்வி கேட்டால் பதில் வரும்வரைக்கும் பொறுக்க வேணும் எண்டெல்லாம் சொல்லித் தந்தவை. பதினாலு வருசம் படிப்பிச்ச எனக்கு இவை என்னத்தைச் சொல்லித் தரப்போகினம் எண்டு கடைசி வரிசையில இருந்து பிஸ்கட் சாப்பிட்டன். அந்தத் திமிர் என்னட்ட இருந்தது. அதை மறைக்கேல்லை.

என்னைப் போட்டது ஒன்பது பத்து வயதுப் பிள்ளையளின்ர வகுப்புக்கு. வகுப்பு ரீச்சர் மிஸஸ் பெல்லமி. அம்பது வயது தாண்டின, மெலிஞ்ச, நெடிய மனுசி. ஒரு நாளும் சத்தம் போடமாட்டா. பிள்ளையள் இரைஞ்சால் இன்னும் மெதுவாக் கதைப்பா, அதைக் கேக்கிறதுக்காகவே பிள்ளையள் அடங்குங்கள். தேத்தண்ணிக் கோப்பையை மறந்துபோய் யன்னல் கரையில வைச்சிட்டு, ஆறினாப்பிறகு முழுக்கக் குடிப்பா. என்னை ஒரு நாளும் வேலைக்காரி மாதிரி நடத்தினதில்லை. "மிஸஸ் சிவம், உங்களுக்கு என்ன படுகுது?" எண்டு கேப்பா. கேட்டிட்டு உண்மையாவே பொறுத்து இருப்பா.

அவவின்ர பெரிய வேலை வாரத்தாள். வாற கிழமை வகுப்பில என்ன நடக்கப்போகுது எண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் போகும். அதில மூண்டு பெட்டி கீறியிருப்பா. முதல் பெட்டி, என்ன படிக்கப்போறம். ரண்டாவது, என்ன கொண்டு வரவேணும், நீச்சல் உடுப்போ, நூலகப் புத்தகமோ. மூண்டாவது "வீட்டில" எண்டு தலைப்புப் போட்ட பெட்டி. தாய் தேப்பன் பிள்ளையோட சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு காரியம் அதில இருக்கும். அடியில ஒரு துண்டு. வீட்டுக்காரர் கையெழுத்து வைச்சு, கிழிச்சு, திங்கக்கிழமை குடுத்துவிட வேணும்.

வியாழக்கிழமை மத்தியானம் இங்கிலிஷ் தாள் என்ர கைக்கு வரும். நான் பிள்ளையளின்ர கோட்டுகள் கொழுவிற அறையில ஒரு சின்னக் கதிரையில இருந்து அதைத் தமிழில எழுதுவன். அப்ப தமிழ் அச்சடிக்கிற வசதி இல்லை. ஊதா மைத்தாளுக்கு மேல பேனையை அமத்தி எழுத வேணும். பிழைச்சால் பிளேட்டால சுரண்டி, திருப்பி எழுத வேணும். எழுதி முடிச்சதும் மிஸஸ் பெல்லமியிட்டக் கொண்டு போவன். அவ தமிழ்த்தாளை ஒருக்கா மேலயிருந்து கீழ வரைக்கும் பாப்பா, ஏதோ விளங்கினது மாதிரி. பிறகு வலது மூலையில தன்ர கையெழுத்தை வைப்பா. ஒருநாள் நான் சிரிச்சு, "வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைக்கிறியளே" எண்டு கேட்டன். "நீங்கள் எழுதினது எண்டு தெரியும்தானே, அது காணும்" எண்டா. பிறகு மெஷினில கைபிடியைச் சுத்தி அடிக்கிறது. ஈரமா, ஸ்பிரிட் மணத்தோட தாள் வந்து விழும். பிள்ளையள் மூக்கில வைச்சு மணந்து பாக்குங்கள். இங்கிலிஷ் தாளையும் தமிழ்த்தாளையும் ஒண்டாப் பின் அடிச்சு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒன்பது தமிழ் வீட்டுக்கும் குடுத்துவிடுவம்.

இனி என்ர பிழைக்கு வாறன்.

அந்த மூண்டாவது பெட்டியை எனக்குக் கண்ணில காட்டக்கூடாது. சமையலறையில பிள்ளையோட நிண்டு எத்தினை விதமான சத்தம் கேக்குது எண்டு எண்ணுங்கோ எண்டு ஒரு கிழமை. யன்னலால மேகத்தைப் பாத்து, அது என்ன மாதிரி இருக்கெண்டு கதையுங்கோ எண்டு இன்னொரு கிழமை. எனக்குப் பத்திக்கொண்டு வரும். எங்கட சனம் எல்லாத்தையும் விட்டிட்டு வந்து, ரண்டு ஷிப்ட் அடிச்சு, பிள்ளை படிச்சு ஆளாகட்டும் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்குது. இவ மேகம் பாக்கச் சொல்லுறா. நான் மட்டுமில்லை, பெற்றோல் ஷெட்டில வேலை செய்த ஒரு தேப்பன் கேற்றடியில என்னை மறிச்சு, "ரீச்சர், உது என்ன பள்ளிக்கூடமோ, கோயில் திருவிழாவோ? கணக்கு ஒண்டும் குடுக்கிறேல்லையோ?" எண்டு கேட்டார். எனக்கு வெக்கமாப் போச்சுது. என்னவோ நான்தான் அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்திறன் எண்ட மாதிரி.

அடுத்த வியாழன் மேகத்துக்குக் கீழ ஒரு வரி சேர்த்தன்: "ஆறாம் வாய்ப்பாடு பாடமாக்கவும்." திங்கக்கிழமை பிள்ளையள் ஆறாம் வாய்ப்பாட்டோட வந்துதுகள். மிஸஸ் பெல்லமி, "உங்கட பிள்ளையள் வீட்டில நல்லா வேலை செய்யுதுகள்" எண்டு சந்தோசப்பட்டா. அதுக்கடுத்த கிழமை மேகமும் இல்லை, சத்தமும் இல்லை. வாய்ப்பாடு மட்டும்தான். இப்பிடியே பழகிப் போச்சுது. முதல் ரண்டு பெட்டியையும் சொல்லுக்குச் சொல் எழுதுவன். மூண்டாவதில என்ர பள்ளிக்கூடத்தை நடத்துவன். தாய் தேப்பன்மார் என்னைக் கண்டால் கும்பிடாத குறை. எனக்கும் அது இனிச்சது.

அந்த நேரம்தான் தர்சினி வந்து சேர்ந்தவள். தாய் புவனா, கைக்குழந்தையோட முதலே வந்து பிளேஸ்டோவில தமையன் வீட்டில இருந்தவ. தேப்பனும் தர்சினியும், காசு வாங்கிக்கொண்டு ஆக்களைக் களவா வெளிநாட்டுக்குக் கொண்டுபோற ஏஜென்சிக்காரனோட பிறகு வெளிக்கிட்டவை. நடுவில ஒரு நாட்டில, ஒரு அறையில மாசக்கணக்காக் கிடந்திருக்கினம். தேப்பனுக்குக் காய்ச்சல் கண்டு அந்த அறையிலயே செத்துப் போனார். பக்கத்தில பிள்ளை மட்டும்தான். பிறகு வேற ஒரு குடும்பம் பிள்ளையைத் தங்களோட கூட்டிக்கொண்டு வந்து தாயிட்டக் குடுத்தது. பள்ளிக்கூடத்தில சேர்க்க வந்த அண்டைக்கு, பிள்ளையை வெளியில விட்டிட்டு புவனா என்ர கையைப் பிடிச்சா.

"ரீச்சர், அவளிட்ட அதைப் பற்றி ஒருத்தரும் கேக்க வேண்டாம். நானும் கேக்கேல்லை. கேட்டால் பிள்ளை உடைஞ்சு போயிடுவாளோ எண்டு பயமாக் கிடக்கு. அவளாச் சொல்லட்டும்."

இதை நான் மிஸஸ் பெல்லமிக்குச் சொன்னன். அவ, "அப்ப ரண்டுபேரும், மற்றவ முதல் கதைக்கட்டும் எண்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு இருக்கினம்" எண்டா.

தர்சினி தொல்லை இல்லாத பிள்ளை. சொன்னதைச் செய்வாள். சிரிக்கச் சொன்னால் சிரிப்பாள். ஆனால் விளையாட்டு நேரத்தில சுவரோட நிண்டு வாய்க்குள்ள ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். தேவாரமாக்கும் எண்டு நான் நினைச்சன். கிட்டப் போய்க் கேக்கேல்லை.

ரண்டு மாசம் கழிய மிஸஸ் பெல்லமி புதுப் பாடம் ஒண்டு எடுத்தா: பயணங்கள். வியாழக்கிழமை எனக்கு வந்த தாளில மூண்டாவது பெட்டி வழமையை விட நீளம். அதை இப்பவும் பாடமாச் சொல்லுவன். "இந்தக் கிழமை உங்கட பிள்ளையிட்ட, நீ எப்பிடி இஞ்ச வந்தாய் எண்டு கேளுங்கோ. உங்கட சொந்த மொழியிலயே கேளுங்கோ. பிள்ளை சொல்லும்வரைக்கும் காத்திருங்கோ. ஒண்டும் எழுதத் தேவையில்லை. எங்களுக்குச் சொல்லவும் தேவையில்லை."

அதை ரண்டுதரம் வாசிச்சன். அந்த ஒன்பது வீட்டில ஆறு வீட்டின்ர அகதிக் கேஸ் முடியேல்லை. எந்த நாட்டால வந்தது, யார் கூட்டி வந்தது எண்ட கதையெல்லாம் வக்கீலிட்டச் சொன்னது ஒண்டு, நடந்தது ஒண்டு. பிள்ளை பள்ளிக்கூடத்தில வாய் தவறி ஏதும் சொல்லி, அது போய்ச் சேரக்கூடாத இடத்துக்குப் போனால்? எங்கட ஆக்களுக்கு அப்ப கடுதாசி எண்டாலே பயம். எழுதத் தேவையில்லை எண்டு தாளில கிடந்ததை நான் வாசிச்சனான். வாசிச்சும் நம்பேல்லை. புவனா சொன்னதும் சேர்ந்துகொண்டுது. ஒருத்தரும் கேக்க வேண்டாம் எண்டு தாயே சொல்லியிருக்கிறா, நான் ஏன் கேக்கச் சொல்லி எழுத வேணும்? இப்பிடி நியாயம் அடுக்கிக்கொண்டு இருந்தன். ஆனால் உண்மையைச் சொல்லுறன், பயம் பாதிதான். மற்றப் பாதி பழக்கம். அந்தப் பெட்டியில என்ர விருப்பத்தை எழுதிக் கை பழகியிருந்தது.

எழுந்து போய் மிஸஸ் பெல்லமியிட்ட, "இதை எங்கட வீடுகளுக்கு அனுப்ப எனக்குப் பயமாக் கிடக்கு" எண்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அவ கேட்டிருப்பா. பொறுமையா இருந்து கேட்டிருப்பா. அவவின்ர அறை பத்தடி தள்ளித்தான். நான் போகேல்லை. "எட்டாம் வாய்ப்பாடு பாடமாக்கவும். தினமும் ஒரு தடவை பெற்றோர் கேட்கவும்" எண்டு எழுதினன். கொண்டு போனன். அவ மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்திட்டு மூலையில கையெழுத்து வைச்சா.

வெள்ளிக்கிழமை பின்னேரம், தாளைக் குடுக்க முதல் அவ பிள்ளையளைக் கம்பளத்தில இருத்திக் கதைச்சா. "இந்தக் கிழமை வீட்டில உங்களிட்ட ஒரு கேள்வி கேப்பினம். நீங்கள் எப்பிடி இஞ்ச வந்தீங்கள் எண்டு. சிலபேர் அடுத்த தெருவில இருந்து வந்திருப்பீங்கள், சிலபேர் கனதூரத்தில இருந்து. கேட்டால் சொல்லுங்கோ. எனக்கில்லை, அவைக்கு."

தர்சினிக்கு இங்கிலிஷ் காணாது. பக்கத்தில இருந்து தமிழில சொல்லுறது என்ர வேலை. தாளை மாத்தி எழுதின அதே ஆள்தான் நான். ஆனாலும் வாய் தன்பாட்டில வேலையைச் செய்தது.

"இந்தக் கிழமை அம்மா உன்னட்டக் கேப்பா, நீ எப்பிடி வந்தனி எண்டு. கேட்டால் சொல்லு" எண்டன்.

பிள்ளை என்ர முகத்தை நிமிர்ந்து பாத்தாள். "கட்டாயம் கேப்பாவோ மிஸ்?"

"ஓம், கேப்பா."

ஏன் அப்பிடிச் சொன்னன்? எத்தினையோ தரம் என்னை நானே கேட்டிட்டன். அந்த நேரம் எனக்கு அது ஒரு வசனம், அவ்வளவுதான். மொழிபெயர்த்து முடிச்சிட்டு, கோட்டுகளை எடுத்துக் குடுக்கப் போயிட்டன்.

அடுத்த வெள்ளி வகுப்பு ஒரே கலகலப்பு. ஒருத்தன் தாயோட கப்பலில வந்த கதை, ஒருத்தி ஆஸ்பத்திரியிலயிருந்து பனிக்குள்ள வீட்டை வந்த கதை. சொல்லத் தேவையில்லை எண்டும் சொல்லுதுகள். எங்கட ஒன்பதும் வாயே திறக்கேல்லை. மத்தியானம் ஒவ்வொண்டா என்னட்ட வந்து எட்டாம் வாய்ப்பாடு சொல்லிச்சுதுகள். தர்சினி கடைசியா வந்தாள். கண்ணை நிலத்தில நட்டுக்கொண்டு, ஓரெட்டு எட்டில தொடங்கி, ஒரு இடத்திலயும் தடக்காமல் முடிச்சாள். நான் அவளின்ர கொப்பியில ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டினன். சந்தோசமா ஒட்டினன்.

பின்னேரம் ஸ்டாஃப் ரூமில மிஸஸ் பெல்லமி கோப்பையைக் கழுவிக்கொண்டு நிண்டா. என்னைப் பாக்காமலே கேட்டா. "தர்சினியின்ர தாய்க்கு அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்ததோ?"

"ஓம், போனது" எண்டன். அதுதான் முதலாவது பொய்.

"அப்ப இன்னும் நேரம் வரேல்லையாக்கும்" எண்டு சொல்லிக் கோப்பையைத் துடைச்சு வைச்சா. பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிக் கேக்கேல்லை. அதுக்குப் பிறகு தர்சினி சுவரோட நிண்டு முணுமுணுக்கிறதும் நிண்டு போச்சுது. பிள்ளை தேறிட்டுது எண்டு நான் எழுதி வைச்சன்.

வருசங்கள் ஓடிச்சுது. ஊதா மை போய் ஃபோட்டோ கொப்பி வந்தது, பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மிஸஸ் பெல்லமி ஓய்வெடுத்துக் கடற்கரை ஊர் ஒண்டுக்குப் போனா. நத்தாருக்கு எனக்கு ஒரு கிறிஸ்மஸ் கார்ட் வரும். தர்சினி நல்லாப் படிச்சாள். யுனிவர்சிட்டி கிடைச்சு வெளியூர் போனாள். என்ர கணக்கில அது என்ர வெற்றி. ஒவ்வொரு புதுத் தாய்க்கும் அவளைக் காட்டிச் சொல்லுவன்.

போன வருசம் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட நேரம், புவனா வந்தா. கையில சீலைக்கடை மட்டைப்பெட்டி. கோட்டு அறையில அந்தச் சின்னக் கதிரையள் ரண்டை இழுத்துப் போட்டன். முழங்கால் நெஞ்சில முட்ட ரண்டுபேரும் இருந்தம்.

"ரீச்சர், நான் இப்ப பின்னேர வகுப்புக்குப் போறன், இங்கிலிஷ் படிக்க. வீட்டில இருக்கிற ஏதாவது பழைய இங்கிலிஷ் கடுதாசியை வாசிச்சுப் பழகுங்கோ எண்டு சொன்னவை. என்னட்ட வேற என்ன கிடக்கு? இதுதான் கிடந்தது."

பெட்டியைத் திறந்தா. வாரத்தாள்கள். பின் அடிச்சபடியே, ஒண்டும் விடாமல், கிழமை வரிசையில அடுக்கிக் கிடந்தது. ஒண்டை உருவி என்ர மடியில வைச்சா. மேல இங்கிலிஷ், கீழ தமிழ். எனக்குப் பாக்கத் தேவையில்லை.

"இதில கிடக்கிறது அதில இல்லையே, ரீச்சர்."

நான் வாயைத் திறந்தன். கேஸ், ஏஜென்சி, பயம் எண்டு என்னவெல்லாமோ வந்தது. பாதியில நிண்டுது. "நான் மாத்தினனான், புவனா. எல்லாத் தாளிலயும் மாத்தினனான்" எண்டன்.

அவ தலையை ஆட்டினா. கோவம் இல்லை. கோவிச்சிருந்தால் எனக்குப் பெரிய ஆறுதலா இருந்திருக்கும்.

"வாசிச்ச உடன தர்சினிக்குப் போன் எடுத்தன். பிள்ளை, நீ எப்பிடி வந்தனி எண்டு கேட்டன். கேட்டது இதுதான் முதல் தரம்.  அவள் அழுதாள். மிஸ் சொன்னவ நீங்கள் கேப்பியள் எண்டு, ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இருந்தனான் அம்மா எண்டாள். ஏழு நாளும் நான் அவளை முன்னால இருத்தி வாய்ப்பாடு கேட்டிருக்கிறன், ரீச்சர். அம்மாவுக்கு அந்தக் கதை விருப்பமில்லையாக்கும் எண்டு பிள்ளை நினைச்சிட்டுது."

நான் அவவின்ர கையைப் பிடிக்கப் போனன். பிடிக்கிற உரிமை எனக்கில்லை எண்டு பட்டது. மடியில கிடந்த தாளைப் பிடிச்சுக்கொண்டிருந்தன்.

"அவர் கடைசியில எனக்குச் சொல்லச் சொல்லி அவளிட்ட ஏதோ சொல்லியிருக்கிறார். பெரிசா ஒண்டுமில்லையாம், ரண்டு மூண்டு வசனமாம். மறக்கக்கூடாது எண்டு ஒவ்வொரு நாளும் வாய்க்குள்ள சொல்லிக்கொண்டே திரிஞ்சவளாம். நான் கேக்கேல்லை எண்ட உடன விட்டிட்டாளாம்." புவனா பெட்டியை மூடினா. "சொல்லன் பிள்ளை, இப்ப சொல்லன் எண்டன். யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறாள், வருகுதில்லையாம். அந்த அறையில ஒரு யன்னல் இருந்ததாம், அது ஞாபகமாம். தேப்பன்ர சத்தம்கூட ஞாபகமில்லையாம். எட்டாம் வாய்ப்பாடு மட்டும் இப்பவும் தடக்காமல் வருகுதாம்."

இங்கிலிஷ் தாளைக் கழட்டித் தன்ர பெட்டிக்குள்ள வைச்சுக்கொண்டு, தமிழ்த்தாளை என்னட்டயே விட்டிட்டுப் போனா. அது என்ர மேசையில கிடக்கு. ஊதா மை மங்கிக்கொண்டு வருகுது. மூலையில மிஸஸ் பெல்லமியின்ர கையெழுத்தும் இருக்குது. இந்த நத்தாருக்கும் அவவின்ர கார்ட் வந்தது. பதில் எழுத ரண்டுதரம் இருந்தன், எழுதேல்லை.

ஷர்மிலா, நீ கேட்டதுக்குப் பதில் இதுதான்.